ஷகீம் கிரிஃபின்

ஷகீம் கிரிஃபின் (பிறப்பு: ஜூலை 20, 1995) ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த முன்னாள் அமெரிக்கக் காற்பந்து வீரர் ஆவார். மத்திய புளோரிடாப் பல்கலைக்கழக அணியில் லைன்பேக்கராக ஆடிப் புகழ் பெற்றவர். நான்கு வயதில் இவருடைய இடது கையின் முன்பகுதி அறுவை மருத்துவம் மூலம் அகற்றப்பட்டது. 2018 ஆம் ஆண்டு சியாட்டில் சீஹாக்ஸ் அணி இவரைத் தெரிவு செய்தது. அதன் மூலம், என்.எஃப்.எல். எனப்படும் தேசிய காற்பந்துக் கூட்டிணைவின் நவீன காலத்தில் தெரிவு செய்யப்பட்ட முதல் ஒற்றைக் கை வீரர் என்ற இடத்தை இவர் பெற்றார். இவருடைய இரட்டைச் சகோதரர் ஷகீல் கிரிஃபினும் காற்பந்து வீரர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஷகீம், புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டெரி, டான்ஜி இணையருக்குப் பிறந்தார். ஷகீல் இவரைவிட ஒரு நிமிடம் மூத்தவர். கருவில் இருந்தபோதே ஷகீமின் இடது கை, பனிக்குட நார்ப்பட்டைக் குறைபாட்டினால் பாதிக்கப்பட்டது. கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குடச் சவ்விலிருந்து பிரியும் மெல்லிய நார்கள் குழந்தையின் விரலையோ கை கால்களையோ சுற்றி இறுக்குவதால் இக்குறைபாடு உண்டாகிறது. இறுக்கப்பட்ட உறுப்புக்குக் குருதி சரியாகச் செல்லாது. அதனால் அது முழுமையாக வளராது.

ஷகீமின் இடக்கை விரல்கள் சரியாக வளராததுடன், எதிலாவது பட்டாலே கடும் வலியும் தந்தன. நான்கு வயதில் ஒரு நாள் இரவு, வலி தாளாமல் சமையலறைக் கத்தியால் தம் விரல்களைத் தாமே வெட்டிக்கொள்ள முயன்றபோது தாயார் கண்டு தடுத்தார். அதன் பின்னர்ப் பெற்றோர் காலம் தாழ்த்தாமல் அறுவை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்தனர்.

தந்தை டெரி இரு மகன்களுக்கும் ஒரே பயிற்சியையே அளித்தார். ஷகீம் பளு தூக்குவதற்கு உதவும் கருவிகளை அவரே வீட்டில் செய்து கொடுத்தார். லேக்வுட் உயர்நிலைப் பள்ளியில் சகோதரர் இருவரும் காற்பந்து, தடகளம் ஆகியவற்றில் பங்கேற்றனர். கல்லூரியிலும் ஒரே அணியில் ஆட வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தனர். இருவருக்கும் உதவித்தொகையுடன் இடமளித்த மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் 2013 இல் சேர்ந்தனர்.

லைன்பேக்கரின் பணி

அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பர். தடுப்பாட்டத்தில் முன்வரிசையினருக்குப் பின்னாலும், கடைசி வரிசைத் தடுப்பாளருக்கு முன்னாலும் நிற்பவர் லைன்பேக்கர் எனப்படுவார். பந்துடன் ஓடி வருபவரைப் பிடித்து வீழ்த்துதல், எதிரணிக் குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன் அவரை நெருங்கிச் சாய்த்தல், எறியப்படும் பந்தை இடைமறித்தல் ஆகிய மூன்றும் இவர் பணிகளாகும். இவற்றுள் முதலாவது டேக்கிள் என்றும், இரண்டாவது சாக் என்றும் கணக்கிடப்படுகின்றன. ஒரே ஆட்டக்காரரை இருவர் சேர்ந்து சாய்த்தால் ஒவ்வொருவருக்கும் அரை சாக் வழங்கப்படும். புள்ளிவிவரங்களில் 11.5 போன்ற எண்கள் வருவதற்கு இதுவே காரணம்.

எதிராளியின் சட்டையைப் பற்றுதல், தன்னைத் தடுப்பவரின் கைகளைத் தட்டிவிடுதல் ஆகியவை இப்பணியில் இன்றியமையாதவை. எனவே ஒரு கை இல்லாதவர் இவ்விடத்தில் ஆட முடியாது என்ற கருத்து எளிதில் எழுந்தது. ஷகீம் தம் வேகத்தையும், எதிராளி நகருமுன் அவர் செல்லும் திசையைக் கணிக்கும் திறனையும் கொண்டு இதை ஈடு செய்தார்.

கல்லூரி ஆட்டம்

தொடக்க ஆண்டுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகளின்படி ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். ஷகீம் 2013 பருவத்தில் களமிறக்கப்படவில்லை. ஷகீலோ முதல் ஆண்டிலேயே ஆடத் தொடங்கினார். அடுத்த இரு ஆண்டுகளில், பயிற்றுநர் ஜார்ஜ் ஓலியரியின் கீழ், ஷகீமுக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சிலவே. அப்போது அவர் கடைசி வரிசைத் தடுப்பாளராக வைக்கப்பட்டிருந்தார். 2015 பருவத்தின் இடையில் ஓலியரி விலகினார். அப்பருவத்தின் 12 ஆட்டங்களிலும் அணி தோற்றது.

2016 பருவம்

2015 டிசம்பரில் ஸ்காட் ஃபுரோஸ்ட் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். புதிய பயிற்றுநர் குழு ஷகீமை லைன்பேக்கர் இடத்துக்கு மாற்றியது. மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஓரத்தில் நின்றிருந்த அவர், 2016 இல் 92 டேக்கிள்களும் 11.5 சாக்குகளும் எடுத்தார். அமெரிக்கன் தடகள மாநாட்டின் அவ்வாண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதும் பெற்றார். அணி 6 ஆட்டங்களில் வென்று 7 இல் தோற்றது.

2017 பருவம்

ஷகீலின் நான்கு பருவங்கள் 2016 உடன் நிறைவுற்றன. 2017 இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில் தெரிவு செய்தது. முதலாண்டு ஆடாததால் ஷகீமுக்கு மட்டும் மேலும் ஒரு பருவம் எஞ்சியிருந்தது. சகோதரர் உடனில்லாமல் ஆடிய அப்பருவத்தில் அவர் 74 டேக்கிள்களும் 7 சாக்குகளும் எடுத்தார். மாநாட்டு இறுதியாட்டத்தில் மெம்ஃபிஸ் அணியை 62-55 என்ற கணக்கில், இரு முறை நீட்டிக்கப்பட்ட நேரத்தில், மத்திய புளோரிடா அணி வென்றது.

2018 சனவரி 1 அன்று அட்லாண்டாவில் நடைபெற்ற பீச் பவுல் ஆட்டத்தில் ஆபர்ன் பல்கலைக்கழக அணியை மத்திய புளோரிடா 34-27 என்ற கணக்கில் வீழ்த்தியது. ஷகீம் 12 டேக்கிள்களும் 1.5 சாக்குகளும் எடுத்து, அவ்வாட்டத்தின் சிறந்த தடுப்பாட்ட வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வெற்றியுடன் அணி 13 ஆட்டங்களிலும் தோல்வியின்றிப் பருவத்தை முடித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்திலும் வெல்லாத அணி இதுவே ஆகும்.

வெற்றியாளர் பட்டம் குறித்த சர்ச்சை

அக்காலத்தில் தேசிய வெற்றியாளரை முடிவு செய்யும் ஆட்டங்களுக்கு நான்கு அணிகளை மட்டுமே ஒரு குழு தேர்ந்தெடுத்தது. தோல்வியே காணாத மத்திய புளோரிடா அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் மோதிய அலபாமா, ஜார்ஜியா ஆகிய இரு அணிகளையும் ஆபர்ன் முன்னரே ஒரு முறை வென்றிருந்தது. அந்த ஆபர்னையே வென்றதைச் சுட்டிக்காட்டி, மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகம் தன்னைத் தேசிய வெற்றியாளராக அறிவித்துக்கொண்டது. கோலி தரவரிசை என்னும் கணினிக் கணிப்பு அதற்கு முதலிடம் அளித்தது. அலபாமாவே இறுதியாட்டத்தில் வென்று பரவலாக ஏற்கப்பட்ட வெற்றியாளராயிற்று. 2024 பருவம் முதல் இவ்வாட்டங்களில் இடம்பெறும் அணிகளின் எண்ணிக்கை 12 ஆக உயர்த்தப்பட்டது.

தேர்வு முகாம்

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களின் உடல்திறனை அளந்தறிய ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு முகாம் நடைபெறும். 2018 ஆம் ஆண்டு முகாமுக்கு முதலில் அழைக்கப்பட்டோர் பட்டியலில் ஷகீமின் பெயர் இல்லை. சனவரியில் சீனியர் பவுல் பயிற்சிகளில் அவர் ஆட்டத்தைக் கண்ட பின்னரே அழைப்பு விடுக்கப்பட்டது.

முகாமில் அவர் இடது கையில் செயற்கைக் கை பொருத்திக்கொண்டு, 225 இறாத்தல் (சுமார் 102 கி.கி.) எடையைப் படுத்த நிலையில் 20 முறை தூக்கினார். அடுத்து 40 யார் (சுமார் 36.6 மீட்டர்) தூரத்தை 4.38 நொடிகளில் ஓடினார். 2003 முதல் அந்நாள் வரை முகாமில் லைன்பேக்கர்கள் ஓடியவற்றுள் இதுவே மிக விரைவானது.

தொழில்முறை ஆட்டம்

2018 ஏப்ரலில் நடைபெற்ற வீரர் தெரிவில் சீஹாக்ஸ் அணி ஷகீமை ஐந்தாம் சுற்றில், 141 ஆவது வீரராகத் தெரிவு செய்தது. இதனால் சகோதரர் இருவரும் மீண்டும் ஒரே அணியில் இணைந்தனர். கே. ஜே. ரைட் காயமுற்றிருந்ததால், 2018 செப்டம்பர் 9 அன்று டென்வர் புராங்கோஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஷகீம் தொடக்க வீரராக இறங்கினார். ஆனால் எதிர்பார்த்த அளவு ஆட இயலாமல், ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றப்பட்டார். அதன் பின்னர் பெரும்பாலும், பந்து உதைக்கப்படும் வேளைகளில் மட்டும் களமிறங்கும் சிறப்புக் குழுவில் ஆடினார். மூன்று பருவங்களில் சீஹாக்சுக்காக 46 ஆட்டங்களில் பங்கேற்றார்.

2021 இல் மயாமி டால்ஃபின்சு அணியில் சேர்ந்தாராயினும், அவ்வணிக்காக முறையான பருவ ஆட்டம் எதிலும் ஆடவில்லை. 2022 ஆகத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அதன் பின்னர் முன்னாள் வீரர்களுக்கான என்.எஃப்.எல். அமைப்பில் இணைந்து பணியாற்றத் தொடங்கினார்.

கல்லூரிப் புள்ளிவிவரம்

2016: டேக்கிள் 92, சாக் 11.5
2017: டேக்கிள் 74, சாக் 7

நூல்

சகோதரர் இருவரும் தம் குடும்ப வாழ்வையும் ஆட்ட வாழ்வையும் விவரித்து எழுதிய "இன்செப்பரபிள்" என்னும் நூல் 2019 இல் வெளிவந்தது. பிரிக்கவியலாதவர் என்பது இத்தலைப்பின் பொருளாகும்.