குடும்பச் சுற்றுலா நுழைவிசைவு

குடும்பச் சுற்றுலா நுழைவிசைவு என்பது ஒரு குடும்பத்தினர் ஒன்றாக வெளிநாட்டுக்குச் சுற்றுலா செல்லும்போது பெறும் நுழைவிசைவுகளை (விசா) குறிக்கும். பொதுவாகக் குடும்பம் முழுமைக்கும் ஒரே நுழைவிசைவு வழங்கப்படுவதில்லை. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி விண்ணப்பமும் தேவை. எனவே ஒருவரது ஆவணத்தில் உள்ள குறை, குடும்பத்தினர் அனைவரின் பயணத்தையும் தடுக்கக்கூடும். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இருந்து விண்ணப்பிப்போரின் நிலை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

விண்ணப்பிக்கும் இடம்

விழுப்புரம் மாவட்டம் சென்னை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கும். அமெரிக்கா, செர்மனி, சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றின் துணைத் தூதரகங்கள் சென்னையிலும், பிரான்சின் துணைத் தூதரகம் புதுச்சேரியிலும் உள்ளன. திண்டிவனத்தில் இருந்து சென்னை ஏறத்தாழ 125 கி.மீ., புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளன. எனினும் புதுச்சேரி அருகில் உள்ளது என்பதற்காகப் பிரான்சின் நுழைவிசைவைக் கோர இயலாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் பலவற்றுக்குச் செல்வோர், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குவரோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல்

தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக இடப்படுகிறது. இந்தியக் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, மு. செல்வம் என்பவர் "செல்வம் முருகன்" என்றும், அவர் மனைவி தம் தந்தை பெயருடன் "கயல்விழி இராமசாமி" என்றும், மகன் "இனியன் செல்வம்" என்றும் கடவுச்சீட்டு பெறலாம். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள் தோன்றுவதால், உறவை மெய்ப்பிக்கத் திருமணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இன்றியமையாதவை ஆகின்றன.

குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ள கடவுச்சீட்டுகளாலும் சிக்கல் எழுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டோருக்குச் சுற்றுலா நுழைவிசைவில் அனுமதி இல்லை என அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கமளிக்கப்பட்டது.

குழந்தைகளுக்கான விதிகள்

தமிழ்நாட்டில் பெயர் இன்றிப் பதிவான பிறப்பில், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் குழந்தையின் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தோருக்குக் கடவுச்சீட்டு பெறப் பிறப்புச் சான்றிதழே பிறந்தநாள் சான்றாகும். சிறுவர் கடவுச்சீட்டு பொதுவாக 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முன்னதோ அதுவரை செல்லும். பெற்றோரின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகள் செல்லுபடியாவதால், குழந்தையின் கடவுச்சீட்டு காலாவதியானதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

ஷெங்கன் நுழைவிசைவுக் கட்டணம் 2024 சூன் 11 முதல் பெரியோருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள சிறுவருக்கு 45 யூரோ ஆகும். 6 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 12 வயதுக்குட்பட்டோரிடம் கைரேகை பெறப்படுவதில்லை. பயணக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் குறைந்தது 3 மாதங்கள் செல்லத்தக்கதாகவும், இரு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அனைவரின் கடவுச்சீட்டு, பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் உள்ள பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயர் அமைய வேண்டும்.

இவற்றையும் பார்க்க: கடவுச்சீட்டு, தமிழர் பெயரிடல், விழுப்புரம் மாவட்டம்