பகைவரும் கைதியும்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலை பைக்காரா ஆற்றைக் கடந்து நடுவட்டத்தை அடைகிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கிடையே பழைய சிறைக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. அபினிப் போரில் பிடிபட்ட சீனப் போர்க்கைதிகளை ஆங்கிலேயர் அடைத்து வைத்த இடம் அது என்று, காணச் செல்வோரிடம் கூறப்படுவதுண்டு. ஆனால் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட விவரச்சுவடி வேறு செய்தியைத் தருகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியன அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் போதிய சிறைவசதி இல்லாமையால் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனத் தண்டனைக் கைதிகளே நடுவட்டத்தில் வேலை செய்தவர்கள் என்கிறது அது. அக்குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசின் ஆட்சியில் இருந்தன என்பதை நினைவிற்கொண்டால் இச்செய்தி எளிதில் விளங்கும்.

போர்க்கைதியா, தண்டனைக் கைதியா? இருவரையும் ஒரே கம்பிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினால் நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சட்டத்தின் கண்ணுக்கோ அவர்கள் முற்றிலும் வேறானவர்கள். தண்டனைக் கைதி குற்றம் செய்தவன் என்று தீர்க்கப்பட்டவன். போர்க்கைதி பகைவன், ஆனால் குற்றவாளி அல்லன். இந்த வேறுபாட்டை உணர, சட்டம் பகைமை என்று எதனைச் சொல்கிறது என்று நாம் முதலில் பார்க்கவேண்டும்.

பேச்சு வழக்கில் பகை என்பது மனத்தில் எரியும் நெருப்பு. சட்டத்தில் அது பெரும்பாலும் ஒரு நிலையைக் குறிக்கும் சொல். பிறர் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தவர் கோரும் எதிரிடை அனுபோகத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சட்டநூல்கள் அந்த அனுபோகம் பகைமையுடையதாய் இருக்கவேண்டும் என்கின்றன. உரிமையாளரை அவர் வெறுக்கவேண்டும் என்பது அதன் பொருளன்று. அவருடைய அனுமதியின் பேரில் இருக்கக்கூடாது என்பதே பொருள். நீதிமன்றத்தில் தம்மை அழைத்த தரப்புக்கே மாறாகச் சாட்சி சொல்பவரை ஆங்கிலம் பகைச்சாட்சி என்று அழைக்க, தமிழ் 'பிறழ்சாட்சி' என்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் பகை என்னும் சொல்லை அவ்விடத்தில் ஆளவேயில்லை. அழைத்தவரே அவரைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் வினவ நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று மட்டுமே அது கூறிற்று.

இத்தெளிவு பழைய உரோமைச் சட்டத்திலேயே உண்டு. இலத்தீன் மொழியில் பகைவனுக்கு இரு சொற்கள்: நாட்டின் பகைவன் 'ஓஸ்திஸ்', தனிப்பட்ட விரோதி 'இனிமிக்குஸ்'. முறையாகப் போர் அறிவிக்கப்பட்டவனே 'ஓஸ்திஸ்', மற்றவர் கள்வரும் கொள்ளையருமே என்று பொம்போனியுஸ் என்னும் சட்ட அறிஞர் வகுத்தார். பகைவருக்குச் சட்டம் ஒரு மதிப்பை அளித்தது. போர் முடிந்தால் பகையும் முடியும். நம் வள்ளுவரும் பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை எனப் பகையை அதிகாரம் அதிகாரமாய்ப் பிரித்து ஆராய்ந்தவரே.

இனி நடுவட்டத்திற்குத் திரும்புவோம். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா தரும் சின்கோனா மரத்தை கிளெமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் 1860-இல் நீலகிரிக்குக் கொணர்ந்தனர். உதகை அரசுத் தோட்டத்தின் மெக்கைவர் அதனை வளர்த்தார். காடழித்து மரம் நடக் கைகள் தேவைப்பட்டன. அதே 1860-இல் பீக்கிங் உடன்படிக்கையோடு இரண்டாம் அபினிப் போர் முடிவுற்றது. அக்கைதிகள் உண்மையிலேயே போர்க்கைதிகளாய் இருந்திருந்தால், அமைதி ஏற்பட்டபின் அவர்களை மலைக்காட்டில் நிறுத்தி வேலை வாங்க என்ன நியாயம் இருந்திருக்கும்? தண்டனைக் கைதி என்ற ஒரு சொல்தான் அவர்களின் உழைப்பை அரசின் உடைமையாக்கியது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே மலைக்கு வேறு கைதிகள் வந்தனர். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட போயர்கள் கேத்தியில் முகாமிட்டு வைக்கப்பட்டனர். 1902 மே 31-இல் வெரீனிகிங் உடன்படிக்கை கையெழுத்தானபின், பற்றுறுதிப் பிரமாணம் செய்தவர்கள் தாயகம் திரும்ப வழி பிறந்தது. அவர்கள் பகைவர், ஆதலால் அவர்களது சிறைவாசத்திற்கு ஓர் எல்லை இருந்தது. போர்ச் செயல்கள் ஓய்ந்தவுடன் கைதிகளைத் தாமதமின்றி விடுவிக்கவேண்டும் என்று 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை பின்னர் எழுதி வைத்தது.

எனினும் அச்சொல் எப்போதும் காக்கும் கேடயமாய் இருப்பதில்லை. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும், ஆயுதம் ஏந்தாத ஜெர்மானியரும் பிறப்பினாலேயே பகைநாட்டவராயினர். கேத்தியில் 1840-களிலேயே பணி தொடங்கிய பாசல் மிஷனின் ஜெர்மானியரும், பம்பாயில் கல்விப்பணி ஆற்றிய ஜெர்மானிய இயேசு சபைக் குருக்களும் காவலில் வைக்கப்பட்டனர் அல்லது நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். நேற்றுவரை ஆசிரியராய் இருந்தவர் இன்று பகைவர். அவர் உள்ளம் மாறவில்லை, சட்டத்தின் ஏடு மாறியது.

ஆகவே ஒருவரைப் பகைவர் என்றோ குற்றவாளி என்றோ அழைக்குமுன் நாம் தயங்குவது நன்று. நடுவட்டத்துச் சீனரைப் போர்க்கைதிகள் என்று சொல்வதில் இரக்கம் இருக்கலாம்; ஆனால் வரலாறு அவர்களுக்கு அப்பெயரை அளிக்கவில்லை. குற்றவாளி என்றே அறியப்பட்டவனுக்கும் நம் இரக்கம் உரியதுதான். அதற்காக அவனை வேறொருவனாக்க வேண்டியதில்லை.

அவர்களுள் சிலருடைய பிற்கால வாழ்வையும் நாம் அறிவோம். நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் சீனர் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் சிறிதளவு காப்பியும் பயிரிட்டு, பசும்பால் விற்று வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 'ஓஸ்திஸ்' என்ற சொல் ஆதியில் அயலானையே குறித்தது என்று சிசரோ கூறுகிறார். காலப்போக்கில் அயலான் பகைவனானான். நடுவட்டத்துச் சரிவில் நிகழ்ந்ததோ அதற்கு மாறானது: கைதியாய் வந்த அயலான் அண்டைவீட்டான் ஆனான்.

பகைவரிடம் அன்பு கூருங்கள் என்ற ஆண்டவரின் கட்டளையை இலத்தீன் விவிலியம் 'இனிமிக்குஸ்' என்ற சொல்லால்தான் மொழிபெயர்க்கிறது. அதைக் காட்டி, நாட்டின் பகைவருக்கு இது பொருந்தாது என வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் மூல கிரேக்கச் சொல்லில் அப்பிரிவினை அவ்வளவு கூர்மையாக இல்லை. சட்டம் பகைக்கு எல்லை வகுக்கிறது. அது பெரிய நன்மையே. அந்த எல்லைக்கு அப்பால் மனிதனை மனிதனாய்க் காணும் கடமை நம்முடையது.