வெள்ளித்திரையில் எழுந்த புகை

மயிலாப்பூர் லஸ் கார்னரிலோ, தி.நகர் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்துகளிலோ, அடையாறு டெப்போ பக்கத்திலோ ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் மாலை நேரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் வருவான். ஒரே ஒரு சிகரெட் வாங்குவான். தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பான். பிறகு உதட்டோரத்தில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பற்ற வைப்பான்.

அந்தத் தலைச் சாய்ப்பை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அப்பாவா? வாத்தியாரா? அவனுக்கே தெரியாது. ஆனால் பார்க்கிற நமக்குத் தெரியும். எங்கோ ஒரு தியேட்டர் இருட்டில் கற்றுக்கொண்ட பாடம் அது!

"சினிமா சமுதாயத்தைக் கெடுக்கிறது" என்று பட்டிமன்றங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வன்முறை, ஆபாசம், ஈவ் டீசிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிகரெட். தமிழ் சினிமாவில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு சண்டை உண்டு, ஒரு சட்டம் உண்டு, கடைசியில் ஒரு மனமாற்றமும் உண்டு.

புகைக்காத நாயகன், புகைத்த நாயகன்

எம்.ஜி.ஆர். தன் படங்களில் புகைப்பதையும் குடிப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தார். 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் குடிக்கிற காட்சி ஒன்று வந்தபோதுகூட, அவருடைய மனசாட்சியே எதிரில் வந்து நின்று கண்டிப்பதாகத்தான் பாட்டு அமைந்தது. தான் திரையில் செய்வதை ரசிகன் தெருவில் செய்வான் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதை வைத்துத்தான் அவருடைய அரசியலே வளர்ந்தது.

சிவாஜி கணேசன் நடிகர் என்ற முறையில் இந்த வேலியைப் போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரம் கேட்டால் புகைத்தார். 'சாந்தி' (1965) படத்தில் சிகரெட்டும் கையுமாக அவர் நடக்கிற பாடல் காட்சியை இன்றும் ரசிகர்கள் ஸ்டைலுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதில் மனக்குழப்பம் தெரிந்தது, நடிப்பு தெரிந்தது. கூடவே சிகரெட்டும் அழகாகத் தெரிந்தது!

அடுத்து வந்தவர் ரஜினிகாந்த். கே.பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்கிற வித்தை பிரபலமானது. ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் அவர் நாயகன் அல்ல, கெட்டவன். நண்பன் தண்ணீரில் மூழ்கும்போது காப்பாற்றாமல் வேடிக்கை பார்க்கிற பாத்திரம் அது. அதாவது சிகரெட் வித்தை வில்லனின் அடையாளமாகத்தான் அறிமுகமானது. ஆனால் விசில் அடித்த ரசிகன் வில்லத்தனத்தை மறந்துவிட்டான், வித்தையை மட்டும் வைத்துக்கொண்டான். சில வருடங்களில் ரஜினி நாயகன் ஆனார். சிகரெட்டும் அவரோடு சேர்ந்து நாயகன் ஆகிவிட்டது.

இதை யார் கவனித்தார்கள்?

வியாபாரிகள் கவனித்தார்கள். தமிழ்நாட்டில் அல்ல, அமெரிக்காவில். 1930களிலேயே ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்து சிகரெட் கம்பெனிகள் விளம்பரம் செய்தன. 1983ல் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன், குறைந்தது 5 படங்களில் ஒரு கம்பெனியின் சிகரெட்டைப் பயன்படுத்துவதற்கு 5 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் பிற்காலத்தில் வெளியே வந்தது. 1989ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'லைசென்ஸ் டு கில்' படத்தில் தன் சிகரெட் இடம்பெற பிலிப் மோரிஸ் கம்பெனி 3.5 லட்சம் டாலர் கொடுத்தது. 1998ல் அமெரிக்க மாநிலங்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம்தான் இப்படிப் பணம் கொடுப்பதைத் தடை செய்தது.

வியாபாரம் தெரிந்தவன் பயனில்லாத இடத்தில் பணத்தைப் போடமாட்டான். படத்தில் சிகரெட் வந்தால் கடையில் சிகரெட் விற்கும் என்று அவர்களுக்கு ஆராய்ச்சியாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. திரைப்படங்களில் புகைக்கும் காட்சிகளைப் பார்ப்பது இளைஞர்கள் புகைக்கத் தொடங்குவதற்குக் காரணமாகிறது என்று 2012ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகவே சொன்னது. டெல்லியில் 12 பள்ளிகளின் சுமார் 4,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வும், இந்திப் படங்களில் புகையிலைக் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்தவர்களிடம் அந்தப் பழக்கம் இருப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது.

ஒரு நடிகர் பணம் வாங்கிக்கொண்டு புகைத்தாரா, வாங்காமல் புகைத்தாரா என்பது வேறு கேள்வி. பார்க்கிற பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விளம்பரத்தின் பலன் இரண்டிலும் ஒன்றுதான்.

'பாபா' சண்டை

2002 ஆகஸ்ட் 15 அன்று 'பாபா' வெளியானது. பீடியும் கையுமாக ரஜினி நின்ற படங்களைப் பார்த்து, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் கடுமையாகக் கண்டித்தார். அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல விவாதமாக இருந்திருக்கும். நிற்கவில்லை. அக்கட்சித் தொண்டர்கள் தியேட்டர்களைத் தாக்கினார்கள், படப்பெட்டிகளைப் பறித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். படமும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் பா.ம.க. போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் அதற்கு எதிராக வேலை செய்யும்படி ரஜினி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். 6 தொகுதிகளிலும் பா.ம.க. வென்றது! ராமதாஸின் மகன் மருத்துவர் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சர் ஆனார்.

இதில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்று அன்று டீக்கடை தோறும் பேசினார்கள். சிகரெட் நல்லதா கெட்டதா என்று பேசியவர்கள் குறைவு. ரஜினி ரசிகனாக இருந்தால் புகையை ஆதரிக்க வேண்டும், எதிர்த்தால் கட்சிக்காரன் என்று ஆகிவிட்டது. தியேட்டரில் கல் எறிந்தவர்கள், தாங்கள் சொல்ல வந்த நியாயத்தின் மீதும் சேர்த்தே கல் எறிந்தார்கள். நல்ல காரணத்துக்காகச் செய்தாலும் அடாவடி அடாவடிதான்.

சட்டம் வந்த கதை

2005 மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். படங்களிலும் தொலைக்காட்சியிலும் புகைக்கும் காட்சிகளுக்கே தடை என்று அன்புமணியின் அமைச்சகம் விதி வெளியிட்டது. திரையுலகம் கொந்தளித்தது. இந்தி இயக்குநர் மகேஷ் பட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2008 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2009 ஜனவரியில் அந்தத் தடை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தார்.

தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. புகைக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கும்போது, கதையில் மட்டும் இருக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது? புகையால் செத்தவனின் கதையைக்கூட எடுக்க முடியாமல் போய்விடுமே!

பிறகு ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். 2012 அக்டோபர் 2 முதல், புகையிலைக் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்பும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், கூடவே 20 விநாடி அறிவிப்பு, காட்சி வரும்போது திரையின் கீழே எச்சரிக்கை வாசகம். 2023 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.டி. தளங்களுக்கும் இதே போன்ற விதிகள் வந்தன.

பலன் என்ன? எச்சரிக்கைப் படம் ஓடும்போது பாப்கார்ன் வாங்கப் போகிறவர்கள் பாதி. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் குரலைப் போலவே பேசிச் சிரிக்கிறார்கள். இறந்துபோன ஒரு இளைஞனின் கதை நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. நாயகன் பின்னணி இசையோடு புகையை ஊதும்போது, கீழே ஓரத்தில் நிற்கிற சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 'வேலையில்லா பட்டதாரி' (2014) படத்தின் புகைக்கும் விளம்பரப் பலகைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கை 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புகையிலை விளம்பரத் தடை, சிகரெட் தயாரித்து விற்கும் தொழிலில் உள்ளவர்களைப் பற்றியது, படக் கம்பெனியைப் பற்றியது அல்ல என்பதுதான் காரணம். ஆனால் சட்டம் போகாத இடத்துக்கும் கண்டனம் போகும். 2018ல் விஜய் சிகரெட்டோடு இருந்த 'சர்கார்' முதல் போஸ்டருக்கு எதிர்ப்பு கிளம்பி, சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியதும் அந்தப் படம் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

சினிமா மட்டும்தான் காரணமா?

இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் இந்தியாவில் 2009-10ல் 34.6 சதவீதம், 2016-17ல் 28.6 சதவீதம் என்று மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் மொத்தக் கணக்கு குறைந்தபோது தமிழ்நாட்டில் 16.2லிருந்து 20 சதவீதமாகக் கூடியிருக்கிறது. இதில் வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேர்த்திதான். அதை எந்த நாயகனும் ஸ்டைலாகப் போட்டுக் காட்டவில்லை. வேலைக் களைப்பு, நண்பர் வட்டம், சில்லறையாக ஒற்றை சிகரெட் கிடைக்கிற வசதி என்று காரணங்கள் பல.

அப்படியானால் சினிமா செய்தது என்ன? சிகரெட்டைப் பெட்டிக்கடை விற்கிறது. அதோடு சேர்த்து "நீ இனி சின்னப் பையன் இல்லை" என்கிற நினைப்பை இலவசமாகக் கொடுப்பது சினிமா. முதல் சிகரெட் இருமலும் கண்ணீருமாகத்தான் இருக்கும், நாக்குக்கு ருசிக்காது. ருசிக்காத ஒன்றை இரண்டாவது முறையும் தொட வைப்பது அந்த நினைப்புதான். மூன்றாவது, நான்காவது ஆகும்போது நிகோடின் பார்த்துக்கொள்ளும். பிறகு சினிமா தேவையில்லை.

கையே சொன்ன பாடம்

'சிவாஜி' (2007) படத்தில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போடவில்லை, சூயிங்கம் தூக்கிப் போட்டார். ஸ்டைல் குறைந்ததா? தியேட்டரில் விசில் குறைந்ததா? படம் பிரமாதமாக ஓடியது. ஸ்டைல் சிகரெட்டில் இல்லை, கையில் இருந்தது என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

2011ல் அவர் உடல்நலம் குன்றி மயிலாப்பூர் இசபெல்லா மருத்துவமனையில் சேர்ந்தார், பிறகு சிங்கப்பூர் வரை சிகிச்சைக்குப் போனார். திரும்பி வந்து, 2012 டிசம்பரில் பிறந்தநாளை ஒட்டி ரசிகர்களைச் சந்தித்தபோது, தான் அவதிப்பட்டதற்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று சொல்லி, அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். 2023 ஜனவரியில் ஒரு நாடக விழாவிலும், நடத்துநராக இருந்த காலத்தில் மதுவும் கணக்கில்லாத சிகரெட்டுமாக இருந்த தன்னை அன்பால் மாற்றியவர் மனைவி லதாதான் என்று வெளிப்படையாகப் பேசினார். இதைச் சொல்ல ஒரு மனம் வேண்டும். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் 36 வருடங்கள்! 'மூன்று முடிச்சு' பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பழகிய பதினைந்து வயதுப் பையனுக்கு 2012ல் ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வித்தை அவனிடம் ஒரு மாலைக் காட்சியில் போய்ச் சேர்ந்தது. அறிவுரை போய்ச் சேர 36 வருடங்கள் ஆயின.

அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் சாந்தா 2021ல் மறையும் வரை தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். வெளியூர்களிலிருந்து மஞ்சள் பையும் மருத்துவச் சீட்டுமாக வந்து அங்கே காத்திருப்பவர்களில், வாயிலோ தொண்டையிலோ நுரையீரலிலோ நோய் வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களிலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய ரசிகனாக இருந்திருக்கக்கூடியவர்கள் உண்டு.

நண்பர்களே, சினிமாவை வெறுக்க வேண்டியதில்லை. தடை போட்டு எதையும் சாதித்துவிடவும் முடியாது. இயக்குநருக்கு ஒரே ஒரு கேள்வி போதும். இந்தக் காட்சியில் சிகரெட் கதைக்காக வருகிறதா, கைதட்டலுக்காக வருகிறதா? கதைக்காக என்றால் இருக்கட்டும். கைதட்டலுக்காக என்றால், அதற்கான விலையை அவர் கொடுப்பதில்லை. லஸ் கார்னர் பெட்டிக்கடை முன்னால் தலையைச் சாய்த்துப் பற்ற வைக்கிறானே, அந்தப் பையன்தான் கொடுக்கிறான்.