ஹல்க் ஹோகன் வந்தால் ரேட்டிங் ஏறுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

2025 ஜூலை 24 அன்று ஹல்க் ஹோகன் காலமானபோது, என்னிடம் படித்தவர்களில் பலர் (எல்லோரும் இப்போது நாற்பதைத் தொட்டவர்கள்) பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டுகளின் படங்களைப் போட்டிருந்தார்கள். அவற்றில் சில கார்டுகள் ஒரு பருவம் முழுக்க என் மேஜை டிராயரில் கிடந்தவையாகக்கூட இருக்கலாம். "ரெஸ்லிங்கை டிவியில் நிறுத்தியதே அந்த ஒரு மனுஷன்தான்" என்றான் ஒருவன். "இல்லை, ஸ்டோன் கோல்ட்தான்" என்று சண்டைக்குப் போனான் இன்னொருவன்.

வரலாறு சொல்லிக் கொடுத்தவனுக்கு இது பழகிய கேள்வி. தலைவன் காலத்தை உண்டாக்குகிறானா, காலம் தலைவனை உண்டாக்குகிறதா? அக்பரை வைத்தோ நெப்போலியனை வைத்தோ இதை எண்ணால் அளந்து காட்ட முடியாது. அமெரிக்க டிவி மல்யுத்தத்தில் முடியும். அங்கே வாரா வாரம் எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்று நீல்சன் நிறுவனம் கணக்கெடுத்தது. அதுவும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு. ரேட்டிங் 5 என்றால், அந்தச் சேனல் வரும் நூறு வீடுகளில் ஐந்தில் அதுதான் ஓடியது என்று பொருள். சண்டையின் முடிவு முன்பே எழுதப்பட்டதுதான், அது உங்களுக்கும் தெரியும். பார்த்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் யாரும் முன்கூட்டி எழுதிவைக்க முடியவில்லை.

முதலில் ஹோகன் பக்கத்து வாதத்தையே எடுத்துக்கொள்வோம். 1988 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை இரவு, என்பிசி சேனலில் நேரடி ஒளிபரப்பு. ஹோகனும் ஆந்த்ரே த ஜயன்ட்டும் மோதினார்கள். ரேட்டிங் 15.2. மூன்று கோடியே முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்க மல்யுத்த ஒளிபரப்பில் இந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை. ஹோகன் 1984 ஜனவரியிலிருந்து நான்கு ஆண்டு பெல்ட்டைக் கையில் வைத்திருந்தவர். அன்று, தோள் தரையில் படாமலே தோற்றதாக நடுவர் எண்ணி முடித்தார். அப்புறம் பார்த்தால் அதே முகத்தோடு இன்னொரு நடுவர்! இரட்டையர்களை வைத்து ஆடிய நாடகம் அது.

இதோடு நிறுத்தினால் ஹோகன் கட்சி ஜெயித்துவிடும். ஆனால் 1991 பிப்ரவரியில் அதே என்பிசி, அதே பெயர் கொண்ட நிகழ்ச்சி, அதே ஹோகன். ரேட்டிங் பாதிக்கும் கீழே போய்விட்டது. இடையில் அவர் உயரமும் குறையவில்லை, மீசையும் உதிரவில்லை. 1988-ல் ஒரு வருஷப் பகை பாக்கி இருந்தது. 1987 மார்ச்சில் ரெஸ்ல்மேனியாவில் அத்தனை பெரிய ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டாரே, அது மறுபடியும் நடக்குமா என்று பார்க்கத்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். 1991-ல் அப்படிக் காத்திருக்க ஒன்றுமில்லை.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. ரிக்கிடோசான் என்பவர் சுமோவிலிருந்து வந்தவர். 1954 பிப்ரவரியில் ஷார்ப் சகோதரர்கள் என்ற இரண்டு வெள்ளைக்கார மல்லர்களோடு அவரும் கிமுராவும் மோதியதைத் தெருவில் வைத்த டிவிப் பெட்டிகளின் முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். டிவி அங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1963 மே மாதம் டெஸ்ட்ராயர் என்ற முகமூடி அமெரிக்கரோடு அவர் மோதியபோது ரேட்டிங் 64 சதவீதம். போரில் தோற்று, அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் ஏழு ஆண்டு இருந்த நாட்டில், ஒரு ஆள் வெள்ளைக்காரனை அடித்து வீழ்த்துவதைப் பார்க்கும் ஆசைக்கு விழுந்த எண் அது. அவர் பிறந்தது கொரியாவில் என்பது பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. அதை மறைத்தே வைத்திருந்தார்கள். (ஒரு கொசுறு: விளம்பரதாரர் மிட்சுபிஷி எலெக்ட்ரிக். சண்டைக்கு நடுவே அவர்களுடைய வேக்கம் கிளீனரை வைத்து ரிங்கைச் சுத்தம் செய்து காட்டுவார்களாம்!)

இனி நீங்கள் எல்லோரும் காத்திருக்கும் திங்கட்கிழமைப் போர். 1995 செப்டம்பர் 4 அன்று டபிள்யூ.சி.டபிள்யூ கம்பெனி, நைட்ரோ என்ற நிகழ்ச்சியை டபிள்யூ.டபிள்யூ.எஃப்-இன் ராவுக்கு எதிராகத் திங்கட்கிழமைகளில் தொடங்கியது. ஹோகன் 1994-லேயே அங்கே போய்விட்டார். நைட்ரோவின் முதல் நாளிலேயே அவர் இருந்தார். பலன்? ஒரு வாரம் இவர்கள், ஒரு வாரம் அவர்கள் என்று இழுபறிதான். ஹோகன் வந்தால் போதும் என்பது உண்மையானால் அன்றே ஆட்டம் முடிந்திருக்க வேண்டும்.

நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் ஜெயித்தது என்பார்களே, அது தொடங்கியது 1996 ஜூனில். அந்த வாரங்களில் ஹோகன் திரையிலேயே இல்லை. ஸ்காட் ஹால், கெவின் நாஷ் என்ற இரண்டு பேர் எதிர்க் கம்பெனியிலிருந்து படையெடுத்து வந்த மாதிரி பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து வந்தார்கள். கம்பெனியே கம்பெனியைத் தாக்குகிறதோ என்று ஜனங்களுக்குச் சந்தேகம். ஜூலை 7 அன்று ஹோகன் அவர்களோடு சேர்ந்து வில்லனானது அந்தத் தீயில் ஊற்றிய எண்ணெய். இந்த நாஷ் யார்? டீசல் என்ற பெயரில் 1994 நவம்பரிலிருந்து ஒரு வருஷம் டபிள்யூ.டபிள்யூ.எஃப் சாம்பியனாக இருந்தவர். அங்கே அவர் சாம்பியனாக இருந்த வருஷம் வியாபாரம் மோசமாகப் படுத்தது. அதே ஆள் இங்கே வந்து ஆறே மாதத்தில் தங்கமானார். உங்கள் கார்டில் உயரம், எடை, நெஞ்சளவு, ரேங்க் எல்லாம் அச்சடித்திருக்கும். ரேட்டிங்கை அப்படி ஒரு ஆளின் பெயருக்குக் கீழே அச்சடிக்க முடியாது.

1998 ஏப்ரல் 13 அன்று 83 வாரத் தொடர் முடிந்தது. ரா 4.6, நைட்ரோ 4.3. அன்று அறிவித்தது ஸ்டோன் கோல்ட் ஆஸ்டினுக்கும் முதலாளி வின்ஸ் மக்மேனுக்கும் சண்டை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டை நடக்கவே இல்லை. நடுவில் இன்னொருவர் புகுந்து கலைத்துவிட்டார். முதலாளியைத் தொழிலாளி அடிப்பான் என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. நம்மில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை!

கோல்ட்பர்க் ரசிகர்களுக்காக ஒன்று. 1998 ஜூலை 6 அன்று ஹோகனை அவர் ஜார்ஜியா டோமில் வீழ்த்திய வாரம் நைட்ரோ வென்றது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் ரா மறுபடி முன்னே போய்விட்டது. காசு கட்டிப் பார்க்க வைத்திருக்கக்கூடிய சண்டையை ஒரு வார ரேட்டிங்குக்காக இலவசமாகக் கொடுத்தார்கள். விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த நாள் 1999 ஜனவரி 4. மிக் ஃபோலி என்று ஒருவர். தொந்தி, சிக்குப் பிடித்த தாடி, ஜெர்மனியில் ஒரு சண்டையில் பாதிக் காது போனவர். எந்தக் கார்டிலும் அவர் பெரிய ரேங்க் வாங்கும் ஆள் இல்லை. அன்றைய ரா முன்பே பதிவானது, நைட்ரோ நேரடி. நைட்ரோவில் அறிவிப்பாளரை விட்டு, "அங்கே இன்று ஃபோலி சாம்பியனாகப் போகிறார், இதைப் பார்க்கக் கூட்டம் வரும் பாருங்கள்" என்று கேலியாக முடிவைச் சொல்ல வைத்தார்கள். கேட்ட மாத்திரத்தில் லட்சக்கணக்கானோர் ரிமோட்டை எடுத்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ரா 5.7, நைட்ரோ 5.0. முடிவு தெரிந்த பிறகும் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். வருஷக்கணக்காக அடிவாங்கிய மனுஷனுக்கு ஒரு நாள் நல்லது நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதே இரவு நைட்ரோவில் ஹோகன் ஒற்றை விரலால் நாஷின் நெஞ்சில் தொட, நாஷ் மல்லாந்து விழுந்து பெல்ட்டைத் தாரை வார்த்தார். அரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நேருக்கு நேர் மோதிய எந்தத் திங்கட்கிழமையும் நைட்ரோ ஜெயிக்கவில்லை. 2001 மார்ச்சில் கம்பெனியே எதிரியின் கைக்குப் போனது.

ஆஸ்டின் கட்சிக்கு ஒரு கேள்வி. கழுத்து அறுவை சிகிச்சையால் அவர் 1999 நவம்பரிலிருந்து 2000 செப்டம்பர் வரை பெரும்பாலும் வரவில்லை. ரா சரிந்ததா? இல்லை. ராக், டிரிபிள் ஹெச், ஃபோலி இவர்களை வைத்து ரேட்டிங் 6-க்குப் பக்கத்திலேயே நின்றது. கதை ஓடிக்கொண்டிருந்தது.

கதை ஓடாத இடத்தில் நட்சத்திரம் என்ன செய்யும்? 2010 ஜனவரி 4 அன்று டி.என்.ஏ என்ற சிறிய கம்பெனி ஹோகனைத் திங்கட்கிழமை இறக்கியது. முதல் நாள் 1.5, அந்தக் கம்பெனிக்கு அது பெரிய எண். அதை நம்பி மார்ச்சில் முழுதாகத் திங்கட்கிழமைக்கே மாறினார்கள். முதல் வாரமே 1-க்குக் கீழே. மே மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வியாழக்கிழமைக்கே திரும்பினார்கள். 2021-ல் சி.எம். பங்க் ஏழு வருஷம் கழித்து ஏ.இ.டபிள்யூ-வின் ராம்பேஜ் நிகழ்ச்சியில் தோன்றியபோதும் இதேதான். முந்தைய வாரம் 7,40,000 பேர். அவர் வந்த ஆகஸ்ட் 20 அன்று 11,29,000. அடுத்த வாரம் 7,22,000.

ஒரு இரவுக்கு ஆளைக் கூட்ட ஒரு பெயர் போதும், அதை நான் மறுக்கவில்லை. அடுத்த வாரமும் அவர்களை உட்கார வைத்தது எது என்று மேலே சொன்ன எண்களைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். அண்டர்டேக்கரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்கப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தனிப் பதிவு போடுகிறேன். கண் மருத்துவரிடம் போய்வந்த பிறகு.