அனிட்டா கோர்பிட்ஸ்

அனிட்டா கோர்பிட்ஸ் (பிறப்பு: 13 மே 1983) ஹங்கேரி ஹேண்ட்பால் வீராங்கனை. ஆடவர் ஹேண்ட்பாலுக்குப் பேர்போன வெஸ்ப்ரேம் நகரில் பிறந்தவர். ஆனால் 2021இல் ஓய்வு பெறும்வரை அவர் ஆடியதெல்லாம் ஜ்யோர் நகரின் ஈ.டி.ஓ. கழகத்துக்குத்தான். தேசிய அணிக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோல்கள் போட்டார். 2005இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த விருதிலேயே தொடங்குகிறது. ஆனால் அவருடைய முக்கியமான பணி விருதுக்குப் பிறகே வந்தது. 22 வயதில் அதை வாங்கியபோது கழக அளவில் ஒரு ஐரோப்பியப் பட்டமும் அவரிடம் இல்லை.

தேசிய அணியில் தங்கம் வெல்லாதவரை மகத்தானவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. 2003 உலகக் கோப்பை இறுதியில் ஏழு கோல் முன்னிலையைக் கடைசி நிமிடங்களில் பறிகொடுத்த ஹங்கேரி, கூடுதல் நேரத்தில் பிரான்ஸிடம் 32-29 எனத் தோற்றது. அந்தச் சரிவை அணியின் 20 வயது வீராங்கனையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 2005 உலகக் கோப்பையிலும், 2004, 2012 ஐரோப்பியக் கோப்பைகளிலும் வெண்கலம் கிடைத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஜ்யோரின் வெற்றி, வெளிநாட்டு நட்சத்திரங்களைச் சேர்த்ததால் வந்தது என்பது. 2013இல் லார்விக்கை இரு ஆட்டங்களிலும் (24-21, 23-22) வென்று முதல் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தைப் பிடித்த அணியில் நார்வேயின் ஹெய்டி லோக்கே, காட்ரின் லுண்டே, பிரேசிலின் எடுவார்டா அமோரிம் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் 2009, 2012 இறுதிகளின் தோல்வியைத் தாங்கி நின்று, நடு ஆட்டக்காரராக எப்போது வேகம் கூட்டுவது, எப்போது பந்தைப் பிடித்து வைப்பது என்று தீர்மானித்தவர் கோர்பிட்ஸ். அடுத்த ஆண்டும் பட்டம் ஜ்யோருக்கே வந்தது. 2015இல் தாயான பின் திரும்பி வந்து, 2017, 2018, 2019 பட்டங்களிலும் பங்கேற்றார். அந்த மூன்றிலும் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் நெதர்லாந்தின் நிக்கே க்ரூட்டிடம் இருந்தது. கோர்பிட்ஸ் இடது ஓரத்தில் அதிகம் ஆடினார். ஆகவே ஐந்து பட்டங்களையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. முதல் இரண்டில் அவர் அணியின் மூளை. மற்ற மூன்றில் அனுபவம் மிக்க துணை.