தூக்க மூச்சுத்தடை

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மேல் மூச்சுப்பாதை அடைபடுவதால், மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் கோளாறு. ஒவ்வொரு தடையும் 10 நொடியாவது நீடிக்கும். மணிக்கு 30 முறை நேர்ந்தால் நோய் கடுமையானது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. காலையில் அவருக்கு இது நினைவிருப்பதில்லை. அருகில் படுத்திருப்பவரே முதல் சாட்சி. உடற்பருமன், தடித்த கழுத்து, சிறிய தாடை, மது ஆகியவை காரணங்கள். குழந்தைகளிடம் பெரும்பாலும் வீங்கிய டான்சில், அடினாய்டு. இக்கோளாறின் அறிகுறியான குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக எண்ணுவது ஆபத்தானது: இந்நோய் உயர் இரத்த அழுத்தத்துக்கும், பகல் தூக்கத்தால் வாகன விபத்துக்கும் வழிவகுக்கிறது. காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்துவைக்கும் சிபேப் சிகிச்சையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார்.