கொழும்புக்குக் குழுவாகப் போய்வர: ஒரு பஸ் காசுக் கணக்கு

எனது வீட்டு அலுமாரியில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. 2017ஆம் ஆண்டிலிருந்து தருமபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து நாங்கள் கூட்டாகக் கொழும்புக்குப் போய்வந்த பயணங்களின் செலவுகள் அதில் எழுதப்பட்டுள்ளன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிப் போனவர்கள், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போனவர்கள், கடவுச்சீட்டு அலுவலாகப் போனவர்கள் என எல்லோருடைய பஸ் காசும் அதில் இருக்கிறது. எனது அண்ணனைத் தேடி நான் போன பயணங்களும் இருக்கின்றன.

அந்தக் கொப்பியின் முதல் பக்கம் பிழையான கணக்கு. நாங்கள் 14 பேர் போனோம். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகவர எவ்வளவு என்று கேட்டு, அதற்குமேல் ஆளுக்கு நூறு ரூபா சேர்த்தேன். அவ்வளவுதான். கொழும்பில் நாங்கள் தேடிப்போன அலுவலகம் வேறிடத்துக்கு மாறியிருந்தது. வாசலில் நின்ற காவலாளிதான் சொன்னார். இன்னும் இரண்டு பஸ் ஏற வேண்டி வந்தது. பின்னேரம் காசை எண்ணியபோது திரும்பி வருவதற்கு 420 ரூபா குறைந்தது. எங்களுடன் வந்த வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் தந்தார். “எனக்குப் பசியில்லை பிள்ளை, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றார். முதல்நாள் இரவிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது திரும்பி வரும்போது வவுனியா தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த பயணத்துக்கு அவர் வரவில்லை. மகனின் படத்தையும் கடிதங்களையும் ஒரு பையில் போட்டுத் தந்து, “என்ர மகன்ர பேரையும் நீயே கேட்டுக்கொண்டு வா” என்றார். தனது வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அவர் பிறகு காலமானார். அதற்குப் பின்னர்தான் இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதப் பழகினேன். எங்களைப்போலப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

முதலில், போகத்தான் வேண்டுமா?

ஆகக் குறைந்த செலவு போகாமல் விடுவதுதான். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. ஒரு கோவை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய மட்டும் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் விண்ணப்பித்துத் தபாலில் அனுப்பலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும் என்கிறது சட்டம்.

நேரில் போயே ஆகவேண்டும் என்றால், புறப்படுவதற்கு முன்னர் மூன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அலுவலகத்தின் இப்போதைய முகவரி, அன்றைக்கு உரிய உத்தியோகத்தர் இருப்பாரா, தமிழில் பேச ஆள் உண்டா. ஒருமுறை இரவு முழுக்கப் பயணம் செய்து போய், “சேர் லீவு” என்ற பதிலோடு திரும்பியிருக்கிறோம். பன்னிரண்டு பேரின் பயணக்காசு அன்று வீணானது. பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் இப்போது தவறாமல் எழுதி வைக்கிறேன்.

வாகனமா, பஸ்ஸா, ரயிலா?

பன்னிரண்டு பேர் என்றால் வான் ஒன்றைப் பிடிப்போம் என்று யாராவது சொல்வார்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். போகவர 660. கிலோமீற்றருக்கு 100 ரூபா என்று வைத்தாலும் 66,000 ரூபா வரும். எழுந்து நடக்க முடியாத நோயாளி இருந்தால் மட்டும் அது பொருந்தும்.

காசைவிட இன்னொரு காரணமும் உண்டு. 2013 மார்ச் 5ஆம் திகதி இரவு, கொழும்பில் நடக்கவிருந்த போராட்டத்துக்குப் புறப்பட்ட காணாமல் போனோரின் உறவினர்கள் நூற்றுக்கணக்கானோர் வவுனியாவில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அதை மறக்காதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். “எல்லாரும் போற பஸ்ஸில ஏறிப் போவம்” என்று அவர்கள் சொன்னால் நான் மறுப்பதில்லை.

பஸ்களில் சாதாரண சேவைதான் மலிவு. அரைச் சொகுசுக்கு அதன் ஒன்றரை மடங்கும், குளிரூட்டிய சொகுசு பஸ்ஸுக்கு ஏறத்தாழ இரு மடங்கும் வரும். ஒரே வழி, ஒரே தூரம் என்றாலும் பன்னிரண்டு பேருக்கு வித்தியாசம் பல ஆயிரம். அதனால் “கொழும்புக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்காமல், எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ரயிலில் மூன்றாம் வகுப்புத்தான் குறைவு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். பதிவு செய்யும் இருக்கைக்குக் காசு கூட. ஆனால் கால் இழந்தவர்கள், முதுகில் ஷெல் துண்டோடு இருப்பவர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு மட்டுமாவது இருக்கை பதியுங்கள். பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்தே பதியலாம். 1990இல் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது 2013 செப்ரெம்பரில்தான். பிறகும் 2023 முற்பகுதியில் பாதை திருத்தத்துக்காக அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பல மாதங்கள் ரயில் ஓடவில்லை. எனவே புறப்பட முன் 1971 என்ற ரயில்வே இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

பயணத்தை ஐந்து துண்டாகப் பிரியுங்கள்

எனது முதல் கணக்கு பிழைத்ததற்குக் காரணம், நீண்ட பயணத்தை மட்டும் பயணம் என்று நினைத்ததுதான். உண்மையில் ஐந்து துண்டுகள் உள்ளன: வீட்டிலிருந்து கிளிநொச்சி, கிளிநொச்சியிலிருந்து கொழும்பு, கொழும்புக்குள் ஓட்டம், கொழும்பிலிருந்து கிளிநொச்சி, அகாலத்தில் கிளிநொச்சியிலிருந்து வீடு. கடைசித் துண்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். போகும்போது பஸ் இருக்கும். வந்திறங்கும் நேரத்தில் இருக்காது. ஆட்டோதான்.

ஒரு மாதிரிக் கணக்கு இது. தொகைகளை எளிமைக்காக நானே வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கட்டணத்தைக் கேட்டு அந்த இடங்களில் போடுங்கள். ஆட்கள் 12 பேர்.

வீட்டிலிருந்து கிளிநொச்சிக்குப் போகவர ஆளுக்கு 300. கொழும்புக்குப் போகவர ஆளுக்கு 2,000. கொழும்புக்குள் நான்கு பஸ், ஒன்றுக்கு 50 வீதம் 200. ஆளுக்கு 2,500, பன்னிரண்டு பேருக்கு 30,000.

நடக்க முடியாதவருக்காக நகருக்குள் இரண்டு ஆட்டோ ஓட்டம், ஒன்று 600 வீதம் 1,200.

அகாலத்தில் வந்திறங்கினால் வீடு போக நான்கு ஆட்டோ, ஒன்று 1,000 வீதம் 4,000.

இதுவரை 35,200. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,520, கைக்காவல். மொத்தம் 38,720. முழுத்தொகையாக 39,000 என்று வையுங்கள். ஆளுக்கு 3,250 ரூபா.

நீண்ட பயணத்தின் காசை மட்டும் சேர்த்திருந்தால் 24,000தான் கையில் இருந்திருக்கும். குறைவது 15,000 ரூபா. அந்தக் குறையை நடுவழியில் யாரோ ஒருவர் பட்டினி கிடந்து நிரப்புவார். சாப்பாட்டுக் காசை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அதை வேறாக எழுதுங்கள். வேறு பையில் வையுங்கள். இரண்டும் கலந்தால் சாப்பாட்டுக் காசுதான் முதலில் போகும்.

கொழும்புக்குள்

ரயிலில் வந்தால் கோட்டையில் இறங்குவோம். பஸ்ஸில் வந்தால் புறக்கோட்டை. இரண்டும் நடை தூரம். அங்கே பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கத்தை வாசிக்கலாம். இலக்கத்துக்கு மொழி தேவையில்லை. காலி வீதியால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போக 100, 101. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் கொழும்பு 4இல், ஆர்.ஏ.டி மெல் மாவத்தையில் இருக்கிறது. மகரகமவுக்கு 138. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கு 170, 190. இந்த இலக்கங்களை ஒரு துண்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அதே துண்டில் குழுத் தலைவரின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.

வெள்ளவத்தைக்கும் மகரகமவுக்கும் கோட்டையிலிருந்து ரயிலும் உண்டு. நேரம் ஒத்து வந்தால் பஸ்ஸைவிட நெரிசலும் செலவும் குறைவு.

ஆட்டோவில் மூன்று பேர்தான் போகலாம். பன்னிரண்டு பேருக்கு நான்கு ஆட்டோ. மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் நான்கு ஓட்டத்துக்கும் ஆட்டோ என்றால் 9,600 ரூபா. பஸ் என்றால் 2,400. எனவே ஆட்டோவை நடக்க முடியாதவருக்கும் அவருக்குத் துணையாகப் போகிறவருக்கும் மட்டும் வையுங்கள். மீற்றர் உள்ள ஆட்டோவைப் பிடியுங்கள், அல்லது ஏறும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள்.

பஸ்ஸில் மூன்று சிங்களச் சொற்கள் போதும். எவ்வளவு என்று கேட்க “கீயத?”. இறங்கவேண்டும் என்று சொல்ல “பஹினவா”. மிச்சக் காசு கேட்க “இதுரு சல்லி”. மிச்சக் காசைக் கேட்கப் பயந்து விட்டுவிட்டு இறங்கியவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். அது எங்கள் காசு. கேட்பதில் வெட்கமில்லை.

இரவு தங்குவதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். இரவுப் பயணம், காலையில் அலுவல், அன்றிரவே திரும்பல். காசு ஒரு காரணம். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றியதை நினைவில் வைத்திருக்கும் வயதானவர்கள், இன்றைக்கும் லொட்ஜ் என்றால் நித்திரை கொள்வதில்லை. அதுவும் ஒரு காரணம்.

ஒரு பை, இரண்டு பேர்

காசை ஒருவர் வைத்திருக்கவேண்டும், இன்னொருவர் எழுதவேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் பிறகு கதை வரும். நகரப் பஸ்ஸுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தால் மிச்சக் காசு சிதறும். பையை வைத்திருப்பவர் “பன்னிரண்டு பேர்” என்று சொல்லி ஒன்றாகக் கொடுக்கட்டும். முதல் நாளே 20, 50, 100 ரூபாத் தாள்களாக மாற்றி வையுங்கள். திரும்பி வருவதற்கான காசை வேறு உறையில் போட்டு ஒட்டி, இன்னொருவரிடம் கொடுங்கள். அதை மாலைவரை திறக்கக்கூடாது. எனது முதல் பயணத்தில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

பயணச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள். உதவித்தொகை தந்தவருக்குக் கணக்குக் காட்டலாம். அடுத்த பயணத்துக்கும் அதுதான் அளவு. மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்ஸில் கூடுதலாகக் காசு வாங்கினால், பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு முறையிடலாம்.

பழைய கணக்கை நம்பாதீர்கள்

வருடத்துக்கு ஒருமுறை, வழமையாக யூலையில், பஸ் கட்டணம் திருத்தப்படும். எரிபொருள் விலை ஏறினால் இடையிலும் மாறும். 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த கட்டணம் அதே ஆண்டு யூலையில் 40 ரூபா ஆனது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்த ஆறு மாதத்தில் எங்கள் குழு பதினான்கிலிருந்து ஐந்தாகச் சுருங்கியது. வராமல் விட்ட ஒன்பது பேருக்கும் தேடுவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. பஸ் காசுதான் இல்லாமல் போனது.

இல்லாதவரை விட்டுவிட்டுப் போகாதிருக்க

இப்போது மாதம் ஆளுக்கு 200 ரூபா சேர்க்கிறோம். சீட்டுப்போல அல்ல, யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. பன்னிரண்டு பேரில் இருவரால் கொடுக்க முடியாது என்றால், 39,000ஐப் பத்தாகப் பிரித்தால் ஆளுக்கு 3,900. மேலதிகமான 650ஐ அந்தப் பொதுக் காசிலிருந்து ஈடு செய்கிறோம். யார் கொடுக்கவில்லை என்பது பை வைத்திருப்பவருக்கும் எழுதுபவருக்கும் மட்டும் தெரியும். பஸ்ஸில் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

இந்த ஒழுங்கு வந்த பிறகு, காசு காரணமாக எங்கள் குழுவில் யாரும் நின்றுவிடவில்லை. அந்த அம்மா தந்த பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த பயணத்திலும் அவருடைய மகனின் பெயரைச் சொல்லிக் கேட்பேன். ஆனால் அவரே போய்க் கேட்டிருக்க வேண்டியது அது.